யாருக்குப் பதில் சொல்கிறார் தளபதி?

ஆர்ச்சர்ட் சாலையின் சந்தடிக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும் சாலை ஆரஞ்சு குரோவ் சாலை. பெரும்பாலான நாள்களில் அங்கே மரநிழலும் டாக்சிகளும்தான். ஆனால் மே மாத இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ மூன்று நாள்களுக்கு அதன் முகமே மாறிவிடும். காவல்துறை வாகனங்கள், தடுப்புகள், கறுப்புக் கார்களின் வரிசை. உலகின் தற்காப்பு அமைச்சர்களும் படைத்தளபதிகளும் ஷங்ரிலா ஹோட்டலில் கூடுவார்கள். 2002ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் ஷங்ரிலா கலந்துரையாடல் அது.

2010 ஜூன் 5ஆம் தேதி அந்த அரங்கில் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் பேசினார். அவருக்கு மனத்தாங்கல் இருந்தது. அந்தப் பயணத்தில் பெய்ஜிங்குக்கும் போக விரும்பினார், சீனா வரவேற்கவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் தைவானுக்கு 6.4 பில்லியன் டாலர் ஆயுதங்களை விற்கப்போவதாக அமெரிக்கா அறிவித்திருந்ததுதான் காரணம். இருநாட்டு ராணுவ உறவு அடிக்கடி அறுந்துபோவதற்குச் சீனப் படையே பொறுப்பு என்ற பொருளில் கேட்ஸ் பேசினார்.

அதே நாளில் அதே அரங்கில் சீனத் தரப்பிலிருந்து ஒருவர் எழுந்து பதில் சொன்னார். தடையாக இருப்பவை மூன்று என்றார்: தைவானுக்கு ஆயுத விற்பனை, தென்சீனக் கடலிலும் கிழக்குச் சீனக் கடலிலும் அமெரிக்கக் கப்பல்களும் விமானங்களும் நடத்தும் வேவுப்பணி, இருநாட்டு ராணுவத் தொடர்புகளைக் கட்டுப்படுத்தும் அமெரிக்கச் சட்டங்கள். இந்த மூன்றையும் உருவாக்கியது சீனா அல்ல என்பது அவருடைய வாதம்.

அவர் பெயர் ஜெனரல் மா சியாவ்தியன். முன்னாள் போர் விமானி. அப்போது சீன மக்கள் விடுதலைப் படையின் துணைத் தலைமை அதிகாரி. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சீன ஆகாயப்படைக்கே தளபதியானார். 2008, 2009, 2010 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் மேடைக்கு வந்தவர். ‘சியாவ்’ என்றால் விடியல், ‘தியன்’ என்றால் வானம். ஆகாயப்படைக்காரருக்குப் பொருத்தமான பெயர்தான்.

அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வதால் நமக்கு என்ன? இருக்கிறது. நம் வீட்டு வாசலுக்கு வந்து பேசும் ஒருவரின் சொல்லைப் புரிந்துகொள்ள, அவர் எந்த ஏணியில் ஏறி வந்தார், அந்த ஏணியைப் பிடித்திருப்பது யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பதினேழு விமானங்கள்

மா சியாவ்தியன் 1949 ஆகஸ்ட் மாதம் சீனாவின் ஹெனான் மாநிலத்தில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, அக்டோபர் 1ஆம் தேதி, பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் சீன மக்கள் குடியரசு பிறந்தது. அன்றைய அணிவகுப்பில் வானில் பறக்கப் புதிய அரசிடம் இருந்தவை 17 விமானங்கள் மட்டுமே. பலவும் எதிர்த்தரப்பான கோமிந்தாங் படையிடமிருந்து வந்து சேர்ந்தவை. எண்ணிக்கை குறைவாகத் தெரியக்கூடாது என்பதற்காக, வேகமான ஒன்பது விமானங்கள் சுற்றிவந்து இரண்டாம் முறையும் பறந்தன. கீழே நின்று எண்ணியவர்களுக்கு 26 விமானங்கள்.

சீன ஆகாயப்படை அதிகாரபூர்வமாகத் தொடங்கப்பட்டது அதற்குப் பிறகுதான், 1949 நவம்பர் 11ஆம் தேதி. முதல் தளபதி லியு யாலோவ் விமானி அல்லர், தரைப்படைக்காரர். உள்நாட்டுப் போரில் காலாட்படையோடு வளர்ந்தவர். அன்றைய நிலையில் அது இயல்பானதுதான். கட்சியை ஆட்சிக்குக் கொண்டுவந்தது காலாட்படை. விமானம் ஓட்டத் தெரிந்தவர்களைவிட, கட்சி நம்பக்கூடியவர்களே தலைமைக்குத் தேவைப்பட்டார்கள். தரைப்படையின் தலைக்கு மேல் கூரையாக இருப்பதே ஆகாயப்படையின் வேலை என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

பதவிப் பட்டையே இல்லாத படை

மா படையில் சேர்ந்த ஆண்டு 1965. நமக்கு மறக்க முடியாத ஆண்டு. சிங்கப்பூர் தனிநாடான அந்த ஆண்டில் நமக்கென்று ஆகாயப்படையே கிடையாது. தெங்காவிலும் சிலேத்தாரிலும் சாங்கியிலும் நின்றவை பிரிட்டிஷ் விமானங்கள்.

சீனாவில் அதே ஆண்டு ஜூன் மாதம் ஒரு விநோதம் நடந்தது. ராணுவத்தில் பதவிப் பட்டங்கள் அனைத்தும் ஒழிக்கப்பட்டன. ஜெனரல் இல்லை, கர்னல் இல்லை, லெப்டினன்ட் இல்லை. எல்லாருக்கும் தொப்பியில் ஒரு சிவப்பு நட்சத்திரம், கழுத்துப்பட்டையில் இரண்டு சிவப்புத் துணித்துண்டு. புரட்சிப் படையில் மேல் கீழ் கூடாது என்பது கொள்கை. யார் அதிகாரி, யார் வீரர் என்பதைச் சட்டைப் பையின் எண்ணிக்கையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டுதான் பட்டங்கள் திரும்பி வந்தன.

ஆக, பிற்காலத்தில் ஜெனரல் என்று அழைக்கப்பட்ட அந்த மனிதர், படைவாழ்வின் முதல் 23 ஆண்டுகளைத் தோளில் எந்தப் பட்டையும் இல்லாமல் கழித்தார். பதவி இருந்தது, பொறுப்பு இருந்தது. வெளியே தெரியும் அடையாளம் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரை உயர்த்துவது எது? மேலே இருப்பவர்களின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை எவ்வளவு சீக்கிரம் உடையும் என்பதையும் அவர் 22 வயதிலேயே பார்த்துவிட்டார். 1971 செப்டம்பர் 13ஆம் தேதி, மாவோவின் வாரிசாக அறிவிக்கப்பட்டிருந்த மார்ஷல் லின் பியாவ் சென்ற டிரைடென்ட் விமானம் மங்கோலியாவில் விழுந்து நொறுங்கியது. மாவோவுக்கு எதிராகச் சதி செய்து, அது தோற்றதும் தப்பி ஓடினார் என்று கட்சி அறிவித்தது. லின் பியாவின் மகன் ஆகாயப்படை அதிகாரி. ஆகாயப்படைத் தளபதி வூ ஃபாசியன் கைது செய்யப்பட்டார். 1981ல் அவருக்கு 17 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

தளபதி நாற்காலி 1973 வரை காலியாகவே கிடந்தது. சந்தேகத்தின் நிழல் படை முழுவதும் விழுந்தது. ஒரு விமானி எவ்வளவு நேரம் பறந்தார் என்பதைவிட, அவர் யார் பக்கம் என்பதே பெரிய கேள்வியானது. விமானி என்பவர் எரிபொருள் நிறைந்த இயந்திரத்தோடு எல்லை தாண்டக்கூடியவர் என்ற பயம் கட்சிக்கு இருந்தது. அந்தக் காலத்தில் பயிற்சி பெற்று, அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்தான் மா.

விழித்துக்கொண்ட ஆண்டு

1979ல் சீனா வியட்நாமுடன் போரிட்டது. கடுமையான போர். ஆனால் சீனப் போர் விமானங்கள் எல்லை தாண்டித் தாக்கவில்லை. அன்றைய சீனாவிடம் இருந்தவை பெரும்பாலும் சோவியத் மிக்-19, மிக்-21 விமானங்களைப் பார்த்துச் செய்த நகல்கள். கொரியப் போரில் மிக்-15 ஓட்டி அமெரிக்க விமானங்களோடு மோதிய தலைமுறைக்குப் பிறகு வந்த விமானிகளுக்குப் போர் அனுபவமே இல்லை. மாவும் அந்தத் தலைமுறைதான்.

1991 வளைகுடாப் போர் பெய்ஜிங்கின் தூக்கத்தைக் கலைத்தது. அமெரிக்கா தரைப்படையை இறக்குவதற்கு முன்பே ஐந்து வாரங்களுக்கும் மேல் வானிலிருந்து தாக்கி ஈராக்கின் முதுகெலும்பை உடைத்தது. ஈராக்கிடம் இருந்த ஆயுதங்களில் பல சீனாவிடமும் இருந்தவை. மறு ஆண்டே ரஷ்யாவிலிருந்து சு-27 போர் விமானங்கள் சீனாவுக்கு வந்து இறங்கத் தொடங்கின. இனிப் போரை முடிவுசெய்வது வானம் என்பது தரைப்படைத் தளபதிகளுக்கும் புரிந்தது.

2004ஆம் ஆண்டு இன்னொரு கதவு திறந்தது. சீனாவில் ராணுவத்தின் உச்ச அதிகாரம் மத்திய ராணுவ ஆணையத்திடம் இருக்கிறது. அதன் தலைவர்தான் உண்மையான முப்படைத் தலைவர். இன்று ஸி ஜின்பிங். அந்த ஆண்டு ஆகாயப்படை, கடற்படை, ஏவுகணைப் படைத் தளபதிகளுக்குப் பதவி காரணமாகவே ஆணையத்தில் இடம் கிடைத்தது. அதுவரை பெரும்பாலும் பச்சைச் சீருடைகளே நிறைந்திருந்த மேசையில் நீலமும் வெள்ளையும் உட்கார்ந்தன.

இரண்டு கையெழுத்து

இங்கே சீனப் படையின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்தப் படை நாட்டின் படையல்ல, கட்சியின் படை. இது எதிரிகள் சொல்லும் குறையல்ல. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியே பெருமையோடு சொல்லும் கொள்கை. பெரிய படைப்பிரிவு ஒவ்வொன்றிலும் இரண்டு தலைவர்கள். ஒருவர் தளபதி. மற்றவர் அரசியல் ஆணையர், கட்சியின் பிரதிநிதி. இருவரும் சமநிலையில் இருப்பவர்கள். பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை, கொள்கைக் கல்வி எல்லாம் அரசியல் ஆணையரின் கையைத் தாண்டித்தான் போகும். முக்கிய முடிவுகளைப் படைக்குள் இருக்கும் கட்சிக் குழு கூடி எடுக்கும். நம் ஊர்க் கடைகளில் இரண்டு பங்காளிகளும் கையெழுத்துப் போட்டால்தான் காசோலை செல்லும் என்பார்களே, அதுபோல.

மா இந்த ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறினார். வட்டார ஆகாயப்படைப் பொறுப்புகள், ஆகாயப்படைத் துணைத் தளபதி, 2006ல் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தின் தலைவர், 2007ல் துணைத் தலைமை அதிகாரி, 2009 ஜூலையில் ஜெனரல் பட்டம். துணைத் தலைமை அதிகாரியாக இருந்தபோது வெளிநாட்டு ராணுவங்களோடு பேசும் பொறுப்பு அவருடையது. அதனால்தான் அவர் ஆரஞ்சு குரோவ் சாலைக்கு வந்தார். வெளியுலகத்துக்குச் சீனப் படையின் முகமாக ஒரு விமானி நின்றது புதுமைதான்.

அவரோடு இணையாக ஏறிய இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஷு சிலியாங். 1950ல் ஷான்டோங் மாநிலத்தில் பிறந்தவர், 1966ல் படையில் சேர்ந்தவர், அவரும் விமானி. 2007 முதல் ஆகாயப்படைத் தளபதி. 2012 நவம்பரில் மத்திய ராணுவ ஆணையத்தின் துணைத் தலைவரானார். ஆகாயப்படையிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் தளபதி அவர்தான். அவர் காலி செய்த ஆகாயப்படைத் தலைமைக்கு, 2012 அக்டோபரில், மா வந்தார். பதினேழு விமானங்களோடு தொடங்கிய படைக்கு இது சாதாரண உயரமல்ல.

கேட்ஸ் பார்த்த விமானம்

சிங்கப்பூரில் மனக்கசப்போடு திரும்பிய கேட்ஸ், ஏழு மாதம் கழித்து, 2011 ஜனவரியில் பெய்ஜிங் சென்றார். உறவைச் சரிசெய்யும் பயணம். 11ஆம் தேதி அதிபர் ஹூ ஜின்டாவைச் சந்தித்தார். அதே நாளில் செங்டு நகரில் சீனாவின் ஜே-20 போர் விமானம் முதன்முறையாகப் பறந்தது. ரேடாரில் எளிதில் சிக்காத வகை. அதன் படங்கள் சில மணி நேரத்தில் உலகம் முழுவதும் பரவின.

கேட்ஸ் அதைப் பற்றி ஹூ ஜின்டாவிடமே கேட்டார். முன்பே திட்டமிட்ட சோதனை, உங்கள் வருகைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பதில் வந்தது. ஆனால் அறையில் இருந்த அரசியல் தலைவர்களுக்கு அந்தச் சோதனை பற்றி முன்பே தெரிந்ததுபோல் தோன்றவில்லை என்று அமெரிக்கத் தரப்பு பின்னர் சொன்னது.

உண்மையில் ஹூவுக்குத் தெரியுமா, தெரியாதா? அந்தக் கேள்வி எழுந்ததே போதுமான செய்தி. படை தலைவருக்குப் பதில் சொல்கிறதா, தலைவர் படையின் பின்னால் போகிறாரா என்ற ஐயம் பெய்ஜிங்கிலும் ஒருவரை உறுத்தியிருக்கும். 2012 இறுதியில் பொறுப்புக்கு வந்த ஸி ஜின்பிங் முதலில் கைவைத்தது ராணுவத்தில்தான்.

அந்த வானத்தில் நம் விமானமும்

மா தளபதியாக இருந்த ஐந்து ஆண்டுகளில் சீன ஆகாயப்படை கடற்கரையைத் தாண்டிப் பறக்கப் பழகியது. ஒய்-20 என்ற பெரிய போக்குவரத்து விமானம் 2013 ஜனவரியில் முதன்முறையாகப் பறந்து, 2016 ஜூலையில் சேவையில் சேர்ந்தது. அதே மாதம் தென்சீனக் கடலில் பிலிப்பீன்சுடன் தகராறில் உள்ள ஸ்கார்பரோ பவளத்திட்டின் மேல் சீன எச்-6கே குண்டுவீச்சு விமானம் பறக்கும் படத்தை ஆகாயப்படை வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் ஜுஹாய் விமானக் கண்காட்சியில் ஜே-20 பொதுமக்கள் முன் பறந்தது.

நம்மை நேராகத் தொட்ட நிகழ்வு 2013 நவம்பர் 23ஆம் தேதி நடந்தது. கிழக்குச் சீனக் கடலின் மேல் ஆகாயத் தற்காப்பு அடையாள வட்டாரம் ஒன்றைச் சீனா அறிவித்தது. அதற்குள் பறக்கும் விமானங்கள் தங்கள் பயணத் திட்டத்தைச் சீனாவிடம் தெரிவிக்க வேண்டும் என்றது. ஜப்பான் நிர்வகிக்கும் செங்காக்குத் தீவுகளும் அந்த வட்டாரத்துக்குள் வந்ததால் தோக்கியோ கொதித்தது. அந்த வழியாக ஜப்பானுக்குப் பயணிகளைக் கொண்டுசெல்லும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பயணத் திட்டத்தைத் தெரிவித்துவிட்டுப் பறக்க முடிவுசெய்தது. பயணிகளின் பாதுகாப்பைப் பார்க்கும் நிறுவனத்துக்கு வேறு வழி எளிதல்ல. ஒரு தளபதியின் படை வரைபடத்தில் இழுக்கும் கோடு, ஜப்பானுக்குச் சுற்றுலா போகும் பீஷான் குடும்பத்தின் விமானத்துக்கும் மேலாக ஓடுகிறது.

அந்தக் காலத்திலேயே இன்னொரு முகமும் தெரிந்தது. 2014 மார்ச் 8ஆம் தேதி எம்எச்370 காணாமல் போனபோது சிங்கப்பூர் உடனே சி-130 விமானத்தை அனுப்பியது. இந்தியாவும் தேடியது. சீன ஆகாயப்படை ஐஎல்-76 விமானங்களை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கு அனுப்பியது. அந்த விமானத்தில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சீனர்கள். வட்டாரத்தின் விமானிகள் எல்லாரும் ஒரே கடலைத் துழாவிய நாள்கள் அவை.

நம் ஏணியும் அவர்கள் ஏணியும்

தேக்காவில் ஒருமுறை தேநீர்க் கடையில் ஓர் அங்கிள் என் குரலை அடையாளம் கண்டு பேச வந்தார். “தங்கச்சி, செய்தியில அந்தச் சீனத் தளபதி, இந்தத் தளபதின்னு சொல்றீங்களே, அவங்களும் நம்ம ஊரு மாதிரி அஞ்சு வருஷத்துல ரிட்டையர் ஆகிடுவாங்களா?” என்றார். அவருடைய மகன் ஆகாயப்படையில் தேசிய சேவை செய்துகொண்டிருந்தான். நல்ல கேள்வி.

சிங்கப்பூரில் ஆகாயப்படையின் தொடக்கம் 1968 செப்டம்பர் 1ஆம் தேதி உருவான ஆகாயத் தற்காப்புப் பிரிவு. 1975ல் சிங்கப்பூர்க் குடியரசு ஆகாயப்படை என்று பெயர் மாறியது. 1995ல் அதிலிருந்து ஒருவர் முதன்முறையாகத் தற்காப்புப் படைத் தலைவரானார்: லெப்டினன்ட் ஜெனரல் பே சூ கியாங். 2000ஆம் ஆண்டு, நாற்பதுகளின் நடுவிலேயே ஓய்வு பெற்று, சிங்கப்பூர் ஏர்லைன்சில் உயர் நிர்வாகியானார். 2013ல் தற்காப்புப் படைத் தலைவரான இங் சீ மெங்கும் போர் விமானிதான். 2015ல் சீருடையைக் கழற்றிவிட்டுத் தேர்தலில் நின்று அமைச்சரவைக்குப் போனார். நம் ஊரில் தளபதி என்பது நடுவயதில் முடியும் வேலை. பிறகு அவர் நிறுவனத்துக்கோ வாக்காளருக்கோ பதில் சொல்ல வேண்டும். மா சியாவ்தியன் ஆகாயப்படைத் தலைமையிலிருந்து இறங்கியபோது வயது 68.

இந்தியாவின் ஏணி இன்னொரு விதம். அங்கே பெரும்பாலும் பணிமூப்பின்படி தலைமை வரும். மூன்று ஆண்டு அல்லது 62 வயது, எது முதலில் வருகிறதோ அதோடு முடியும். 2001 டிசம்பர் 31 முதல் 2004 டிசம்பர் 31 வரை இந்திய ஆகாயப்படைத் தலைவராக இருந்தவர் ஏர் சீஃப் மார்ஷல் எஸ். கிருஷ்ணசாமி. அவர் காலத்தில்தான், 2004 அக்டோபரில், சிங்கப்பூரின் எஃப்-16 விமானங்கள் குவாலியருக்குப் போய் இந்திய விமானங்களோடு முதன்முறையாகக் கூட்டுப் பயிற்சி செய்தன. 2007ல் கையெழுத்தான உடன்பாட்டின்படி நம் விமானிகள் மேற்கு வங்கத்தின் கலைக்குண்டா தளத்தில் பயிற்சி செய்கிறார்கள். கிருஷ்ணசாமி பதவியிலிருந்த கடைசி வாரத்தில்தான் ஆழிப்பேரலை கார் நிக்கோபார் விமானத் தளத்தை அடித்துச் சென்றது. படையினரும் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்னெச்சரிக்கை உரிய நேரத்தில் உரியவர்களைச் சென்றடைந்ததா என்று பத்திரிகைகள் வெளிப்படையாகக் கேட்டன. தளபதியும் வெளிப்படையாகப் பேசினார்.

வேறுபாடு இதில்தான் இருக்கிறது. மூன்று நாட்டு விமானிகளும் ஒரே இயற்பியலைப் படிக்கிறார்கள். மேலே போனால் பிராணவாயு குறையும், திரும்பினால் உடல் எடை பல மடங்காகும், எரிபொருள் தீர்ந்தால் விழ வேண்டும். வானத்தில் மூவருக்கும் ஒரே சட்டம். தரையிறங்கிய பிறகு ஒருவர் நாடாளுமன்றத்துக்கும் ஏடுகளுக்கும், இன்னொருவர் கட்சிக் குழுவுக்கும் பதில் சொல்கிறார்கள்.

மேடையில் நின்றவர்கள் எங்கே?

மா 2010ல் பேசியதற்கு அடுத்த ஆண்டு சீனா தன் தற்காப்பு அமைச்சரையே ஷங்ரிலாவுக்கு அனுப்பியது. லியாங் குவாங்லீ அப்படி வந்த முதல் அமைச்சர். பின்னர் 2019லும் 2022லும் வெய் ஃபெங்ஹ வந்தார். 2023 ஜூன் 4ஆம் தேதி லி ஷாங்ஃபு பேசினார். அக்டோபரில் லி பதவி நீக்கப்பட்டார். 2024 ஜூனில், ஊழல் குற்றச்சாட்டில், வெய், லி இருவரும் ஒரே நாளில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர். நம் ஆர்ச்சர்ட் வட்டார மேடையில் நின்று உலகத்தோடு பேசிய இருவர்.

ஆகாயப்படையும் தப்பவில்லை. மாவுக்குப் பிறகு 2017ல் தளபதியான டிங் லைஹாங், 2023 டிசம்பரில் தேசிய மக்கள் மன்ற உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்ட தளபதிகளில் ஒருவர். 2025 அக்டோபரில் மத்திய ராணுவ ஆணையத்தின் துணைத் தலைவர் ஹெ வெய்டோங்கும் மேலும் எட்டு உயர் அதிகாரிகளும் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அந்தத் துணைத் தலைவர் நாற்காலியில் பத்தாண்டு உட்கார்ந்து, 300,000 பேரைக் குறைத்து ஏழு ராணுவ வட்டாரங்களை ஐந்தாக்கிய மறுசீரமைப்பில் முக்கியப் பங்காற்றிய ஷு சிலியாங், 2022ல் ஓய்வு பெற்று, 2025 ஜூன் 2ஆம் தேதி 75 வயதில் காலமானார். அரசு மரியாதைக் குரலில் அவருடைய மறைவை அறிவித்தது. அந்த உயரத்தில் அப்படி முடிவதே இப்போது அரிதாகிவருகிறது.

இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்தது. 2017 அக்டோபரில் ஆணையம் சுருக்கப்பட்டபோது, ஆகாயப்படைத் தளபதிக்கு அங்கே இருந்த இடம் போய்விட்டது. 2004ல் திறந்த கதவு பதின்மூன்று ஆண்டுகளில் மூடிக்கொண்டது. அந்த மேசையில் பதவி காரணமாக உட்கார்ந்த கடைசி ஆகாயப்படைத் தளபதி மா சியாவ்தியன். விமானங்கள் பெருகின, தூரம் கூடியது. மேசையில் இருந்த இடம் குறைந்தது.

நாம் எப்படிக் கேட்பது?

இதையெல்லாம் சொல்வது சீனாவைத் தூற்றவோ வேறு யாரையும் தூக்கிப் பிடிக்கவோ அல்ல. அப்படி ஒரு பக்கம் சாய சிங்கப்பூருக்கு வசதியும் இல்லை. 2019 செப்டம்பரில் நம் ஆகாயப்படைத் தளங்களையும் கடற்படைத் தளங்களையும் அமெரிக்கப் படை பயன்படுத்தும் உடன்பாட்டை 2035 வரை நீட்டித்தோம். அடுத்த மாதமே சீனாவோடு தற்காப்பு ஒத்துழைப்பை மேம்படுத்தும் உடன்பாட்டில் கையெழுத்திட்டோம். 2020 பிப்ரவரியில், கொவிட் அச்சத்தால் பலரும் வராமல் ஒதுங்கிய சிங்கப்பூர் விமானக் கண்காட்சியில், சீன ஆகாயப்படையின் ‘ஆகஸ்ட் 1’ சாகசக் குழு ஜே-10 விமானங்களோடு சாங்கி வானில் வண்ணப்புகை விட்டுப் பறந்தது. முதல் முறையாக இங்கே பறந்தது. பார்த்தவர்கள் கைதட்டினோம். விமானிகளின் திறமைக்குக் கைதட்டத் தயங்க வேண்டியதில்லை.

நம்மைப் போன்ற சிறிய நாட்டுக்குத் தேவை வேறு ஒரு திறமை: நுணுக்கமாகக் கேட்பது. மா சியாவ்தியன் 2010ல் மூன்று தடைகளைச் சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்த கேட்ஸ் மட்டும் அவருடைய கேட்போர் அல்லர். பெய்ஜிங்கில் அந்தப் பேச்சை வரிவரியாகப் படிக்கப்போகிறவர்களும் கேட்போர்தான். 1971ஐப் பார்த்த ஒரு விமானிக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும். அவர் கடுமையாகப் பேசினார் என்பதாலேயே போர் வரப்போகிறது என்றும் பொருளில்லை. சிரித்துக் கைகுலுக்கினார் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்றும் பொருளில்லை.

அதேபோல் வராமல் இருப்பதும் ஒரு பேச்சு. 2025 கலந்துரையாடலுக்குச் சீனத் தற்காப்பு அமைச்சர் வரவில்லை. தற்காப்புப் பல்கலைக்கழகக் குழு ஒன்று வந்தது. இரண்டு முன்னாள் அமைச்சர்கள் அந்த மேடையிலிருந்து இறங்கிய பிறகு வீழ்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் காலி நாற்காலியும் ஒரு செய்தியாகத்தான் தெரிந்திருக்கும்.

தேக்கா அங்கிளின் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான்: “அங்கே வயசைவிட நம்பிக்கை முக்கியம் அங்கிள். அது இருக்கும்வரை இருப்பாங்க.” அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, “அப்போ நம்ம பையன் பரவாயில்ல, ரெண்டு வருஷத்துல வீட்டுக்கு வந்துடுவான்” என்றார்.

ஜூலை மாதச் சனிக்கிழமைகளில், தேசிய தின ஒத்திகைக்காகப் போர் விமானங்கள் மரினா பே பக்கம் பறக்கும்போது அந்த இரைச்சல் சிராங்கூன் சாலை வரை கேட்கும். பூக்கடைக்காரர் மாலை கட்டுவதை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார். அந்த விமானத்தை ஓட்டுபவர் யாருடைய பிள்ளை, யாருக்குப் பதில் சொல்பவர் என்பது நமக்குத் தெரியும். அடுத்த முறை ஆரஞ்சு குரோவ் சாலையில் எந்த நாட்டுத் தளபதி ஒலிவாங்கியைப் பிடித்தாலும், முதலில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகு அவர் பேச்சைக் கேளுங்கள்.